பெயர் தெரியாத நபர் மேல் எழுதிய மனு

நான் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. புதுச்சேரிப் பக்கம் எங்கள் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு எதிரே, தூங்குமூஞ்சி மரத்தடியில் மேசை போட்டு இருபத்தெட்டு வருடமாக மனு எழுதுகிறேன். என் முன்னால் உட்கார்ந்து அழுதவர்களில் பாதிப் பேர் பொய்யாக அழுதவர்கள். மீதிப் பேர் நிஜமாகவே அழுதார்கள், ஆனால் சொன்னது பொய். அண்ணன் வரப்பை நகர்த்திவிட்டான் என்று காலையில் தம்பி வந்து எழுதிக்கொண்டு போவான். சாயங்காலம் அண்ணன் அதே நாற்காலியில் உட்கார்ந்து, தம்பிதான் நகர்த்தினான் என்று எழுதச் சொல்வான். இரண்டு பேருக்கும் நான்தான் எழுதுவேன். அது அவர்கள் இருவருக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. எதிராளியைப் பற்றி, வந்தவர் சொல்வதற்கு மேல் ஒரு வார்த்தை நான் கேட்க மாட்டேன். கேட்டால் கை தயங்கும்.

அந்த வழக்கத்தால்தான் என் மகள் போலீஸ் ஸ்டேஷன் படி ஏற வேண்டி வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை தலைமடைக்காரர் வந்தார். எங்கள் ஏரியின் மதகைத் தாண்டியதும் வாய்க்காலில் முதலில் வருகிற நிலம் அவருடையது. கரும்பும் நெல்லும் போடுகிற பெரிய குடும்பம். கோயில் காரியம் எதுவானாலும் முன்னால் நிற்பார். எனக்கும் வருடத்துக்குப் பத்து மனுவாவது கொண்டுவருவார். அன்றைக்கு உட்காருவதற்கு முன்பே போனை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“ரைட்டரே, இதுல ஒரு கேம் வந்துகீது. என்னப் பத்தி.”

“உங்களப் பத்தி கேமா?”

“என்னப் பத்திதான். வாய்க்கால்ல மோட்டார் போட்டுத் தண்ணி எடுக்கறானாம் ஒருத்தன். அதே ஷெட்டு, அதே பச்சக் கதவு, எங்க வூட்டு நாய மொதக்கொண்டு வரஞ்சி வச்சிகிறானுங்க. மருமவ வாட்ஸ்அப்புல வந்துதுன்னு காட்டுது. ஊரே ஆடிகினு கீதாம்.”

ஏரி திறந்தால் வாய்க்கால் தண்ணீருக்கு முறை உண்டு. தலைமடையிலிருந்து கடைமடை வரைக்கும் இந்த நிலத்துக்கு இன்ன நாள், இத்தனை நேரம் என்று பெரியவர்கள் வைத்த கணக்கு. நடுவில் யாராவது வாய்க்காலில் மோட்டாரை இறக்கினால் கடைமடைக்குச் சேறுதான் போய்ச் சேரும். தலைமடைக்காரரின் ஷெட்டில் மோட்டார் இருக்கிறதா இல்லையா என்று அன்று நான் கேட்கவில்லை. ஊரில் யாருக்கும் கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

விளையாட்டை அவரே விளக்கினார். அதில் நீங்கள் கடைமடையில் நிலம் வைத்திருக்கிற ஒரு பொம்பளை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் ஓரமாக நடந்து, மடையைத் திறந்து, தண்ணீரை உங்கள் நாற்றங்காலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

“நானும் நாப்பது வாட்டி ஆடிப் பாத்துட்டேன் ரைட்டரே. எப்படிப் போனாலும் தண்ணி சேரல. நாத்து காஞ்சிதான் போவுது.”

நாற்பது தடவை தன் மோட்டாரைத் தாண்டித் தண்ணீர் கொண்டுபோக அவரே பாடுபட்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

“பொம்பளையா ஆடலன்னா மோட்டார்க்காரனா ஆடலாமாம். அத ஆடினா ஒரே தட்டு. ஜெயிச்சிட்டீங்கன்னு வருது. அதான் எனக்கு வயிறு எரியுது.”

“யார் செஞ்சதுன்னு தெரியுமா?”

“இங்கிலீஷ்ல இன்னாமோ பேரு போட்டுகீது. எவன்னு யாருக்குத் தெரியும்? நீ எழுது.”

பெயர் தெரியாத நபர் என்று போட்டு எழுத ஆரம்பித்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஆசையாகவே எழுதினேன். போன் விளையாட்டு என்றாலே எனக்கு ஆகாது. விளையாடுகிறவனுடைய போட்டோவையும் நம்பர்களையும் ஒரு விளையாட்டு எதற்குக் கேட்கிறது? சீட்டாட்டம் கற்றுக்கொடுத்துக் குடும்பத்தைத் தெருவில் நிறுத்துவதும் இதுதானே? போனிலிருந்து வருகிற எதற்குப் பின்னாலும் எவனோ ஒருவன் உட்கார்ந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது என் முடிவு. அத்தனை எரிச்சலையும் தலைமடைக்காரர் பெயரில் கொட்டினேன். ‘கண்ணியமான விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்த மனுதாரர் வெளியில் தலைகாட்ட முடியாத நிலையில், உண்ட சோறு உடம்பில் ஒட்டாமல்’ என்று என் கைக்குப் பழகின வரிகளையெல்லாம் போட்டேன். படித்துவிட்டு ‘அது இவர்தான் என்று எப்படித் தெரியும்’ என்று அதிகாரி தள்ளிவிடக் கூடாது என்பதற்காக இன்னொன்றும் சேர்த்தேன். ‘மேற்படி விளையாட்டில் வாய்க்காலில் மோட்டார் வைத்துத் தண்ணீர் எடுப்பவராகக் காட்டப்படும் நபர் மனுதாரரே என்பது ஊரார் அனைவருக்கும் பார்த்த மாத்திரத்தில் விளங்கும்.’

எழுதி முடித்ததும் சத்தமாகப் படித்துக் காட்டுவது என் பழக்கம். ஒவ்வொரு வரிக்கும் அவர் தலையை ஆட்டினார். கையெழுத்துப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்.

என் மகளைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். ஒரே பெண். புதுச்சேரியில் இன்ஜினியரிங் படித்தாள், சென்னையில் ஒரு வருடம் வேலை பார்த்தாள், பிறகு வீட்டிலிருந்தே வேலை என்று லேப்டாப்போடு வந்துவிட்டாள். வந்த நாளாக எனக்குச் சந்தேகம். வேலை நேரம் முடிந்த பிறகும் எதையோ தட்டிக்கொண்டே இருந்தாள். நான் உள்ளே நுழைந்தால் மூடினாள். வாய்க்கால் கரையில் தனியாக நடந்தாள், போட்டோ எடுத்தாள். சாப்பிடும்போது திடீரென்று முறைத் தண்ணீர் எப்படிப் பிரிப்பார்கள் என்று அவள் அம்மாவைக் கேட்பாள். காதலாக இருக்கும் என்று நினைத்தேன், ஏதாவது கட்சியில் சேர்ந்துவிட்டாளோ என்று நினைத்தேன், ஆன்லைன் ரம்மியோ என்றுகூட நினைத்தேன். ஒருநாள் வெட்கமில்லாமல் அவள் பையைத் திறந்து பார்த்தேன். ஒரு நோட்டு இருந்தது. பக்கம் பக்கமாக வாய்க்கால் படம், மதகு படம், ஒரு பச்சைக் கதவு. இதில் என்ன காதல் இருக்கிறது என்று மூடி வைத்துவிட்டேன். சந்தேகப்படுவதே தொழிலாக வைத்திருக்கிற ஒருவன், கையில் கிடைத்த அந்த ஒன்றை மட்டும் சந்தேகப்படாமல் விட்டான்.

வியாழக்கிழமை மத்தியானம் சப்-இன்ஸ்பெக்டர் போன் செய்தார். எனக்குப் பழக்கமானவர், என் கையெழுத்தில் தினம் நாலு மனுவாவது படிக்கிறவர்.

“ரைட்டரண்ணே, அந்தக் கேமுக்காரங்களுக்கு மெயில் போட்டோம். பத்து நிமிசத்துல பேரு, அட்ரஸ், போன் நம்பர் எல்லாம் போட்டு பதில் வந்துடுச்சி.”

“அவ்ளோ தைரியமா?”

“அட்ரஸ் உங்க வூட்டு அட்ரஸா இருக்குதுண்ணே.”

ஸ்டேஷனில் தலைமடைக்காரர் எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கும் அது அதிர்ச்சிதான். சப்-இன்ஸ்பெக்டர் மனுவை என் மகளிடம் நீட்டினார். அவள் நின்றபடியே படித்தாள். இரண்டாவது பக்கத்தில், உண்ட சோறு உடம்பில் ஒட்டாத இடத்தில், நிறுத்தி என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் அந்த மேசைக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினவள், என் வரிகளை அவளுக்குத் தெரியாதா?

“நல்லா எழுதிகிறப்பா,” என்றாள்.

கேவலமாக இருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் பிரச்சினையைச் சுருக்கமாக முடிக்கப் பார்த்தார். அவதூறு என்று இங்கே கேஸ் போட முடியாது, நேராகக் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். தலைமடைக்காரர் போகத் தயாராக இருக்கிறார். அவ்வளவு தூரம் எதற்கு? கேமை அழித்துவிட்டு, தெரியாமல் செய்துவிட்டேன் என்று மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் இன்றோடு சரி.

“தெரிஞ்சிதான் சார் செஞ்சேன்,” என்றாள் மகள். “ஒன்றர வருசம் ஆச்சி இத செய்ய. மன்னிப்பு எழுதினா நான் பொய் சொன்னேன்னு ஆயிடும்.”

“இன்னாம்மா இது, பத்திரிகையா, சினிமாவா? பேச்சுரிமைன்னு சொல்றதுக்கு? கேமும்மா. வெளையாட்டு.”

“நோட்டீஸ்ல எழுதினா பேச்சு, கூத்துல பாடினா பேச்சு. நான் சொல்றதையே ஆடிப் பாக்கற மாதிரி சொன்னா மட்டும் பேச்சு இல்லியா சார்?”

தலைமடைக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார். “கூத்துல கட்டியங்காரன் என்னயே மேடையில வச்சிக் கிண்டல் பண்ணிகிறான்மா. முன்னாடி உக்காந்து சிரிச்சிகிறேன், அவனுக்கே துண்டு போத்திகிறேன். அது அவன் பேசறது, நாம கேக்கறது. இதுல வர்றவன் போறவன்லாம் என் மோட்டார தட்டிவுட்டு ஜெயிச்சேன் ஜெயிச்சேன்னு குதிக்கறான். கேக்கறதும் செய்யறதும் ஒண்ணா?”

அவர் கேட்டது எனக்கு நியாயமாகப் பட்டது. மகள் திங்கட்கிழமை எழுத்தில் பதில் கொடுக்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். “ஒரு கையெழுத்துடி. இருபத்தெட்டு வருசமா ஆயிரம் பேருக்கு மன்னிப்பு எழுதிக் குடுத்துகிறேன். ஒருத்தனும் செத்துப் போவல. கோர்ட்டு கேசுன்னு பேரு அடிபட்டா எந்தக் கம்பெனி உன்ன வேலைக்கு வச்சிக்கும்?”

“நீ எழுதிக் குடுத்த மனுவுக்கு நான் மன்னிப்பு கேக்கணுமாப்பா?”

என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: “ரெண்டு பக்கத்துக்கும் எழுதறவன்தானே நீ. அவளுக்கும் எழுதிக் குடு.”

சரிதான். அது என் வழக்கம். ஆனால் பதில் எழுத வேண்டுமென்றால் விளையாட்டைப் பார்த்தாக வேண்டும். சனிக்கிழமை காலை மரத்தடியில் ஆள் இல்லாத நேரம், மகள் என் போனில் ஏற்றிக் கொடுத்ததைத் திறந்தேன். போட்டோ கேட்கிறதா, நம்பர் கேட்கிறதா என்று முதலில் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அப்படியும் நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தேன்.

கடைமடைப் பொம்பளை தலையில் துண்டைச் சுற்றியிருந்தாள். நடக்கும்போது இடது காலை லேசாக இழுத்தாள். என் மனைவி அப்படித்தான் நடப்பாள். மண்வெட்டியோடு அவளை வாய்க்கால் ஓரமாக நடத்திக்கொண்டு போனேன். மடையைத் திறந்தேன். தண்ணீர் கொஞ்ச தூரம் வந்தது, பச்சைக் கதவுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. வேறு வழியாகப் போய்ப் பார்த்தேன். அங்கேயும் நின்றுவிட்டது. ஏழாவது தடவை, வாய்க்காலை விட்டுவிட்டு ஊருக்குள் அவளை நடத்தினேன். அங்கே ஒரு தூங்குமூஞ்சி மரம், அடியில் ஒரு மேசை. கண்ணாடியை நெற்றியில் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு ஆள். சட்டைப் பையில் பேனா ஒழுகின நீலக் கறை.

நான் குனிந்து என் சட்டைப் பையைப் பார்த்தேன்.

அந்த ஆளைத் தொட்டால் பேசுவான். தொட்டேன். ‘பாக்கலாம். நாளைக்கு வா’ என்று வந்தது. மறுபடி தொட்டேன். ‘பாக்கலாம். நாளைக்கு வா.’ எத்தனை தடவை தொட்டாலும் அதேதான். பிறகு மோட்டார்க்காரனாக ஆடினேன். அவனை மரத்தடிக்கு நடத்திக்கொண்டு வந்து தொட்டேன். ‘உக்காருங்க ஐயா. இப்பவே எழுதிடலாம்.’

மூன்று வருடத்துக்கு முன்னால் என் மனைவி என்னிடம் ஒரு மனு கேட்டாள். அவள் அப்பா வீட்டிலிருந்து வந்த அரைக்காணி நிலம், கடைமடையில். நாற்று காய்கிறது, மோட்டாரை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடு என்றாள். தலைமடைக்காரர் எனக்கு வாடிக்கை. பாக்கலாம் என்றேன். மறுநாளும் கேட்டாள், அதற்கு மறுநாளும் கேட்டாள். நாலாவது நாள் கேட்கவில்லை. அந்த வருடம் நட்டது காய்ந்து, அடுத்த வருடத்திலிருந்து நிலத்தை அப்படியே போட்டுவிட்டு அவள் அடுத்தவர் வயலுக்குக் களை எடுக்கப் போகிறாள். நானும் அவளும் அதைப் பற்றிப் பேசினதே இல்லை. பேசாததால் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று நாளும் மகள் கல்லூரி லீவில் வீட்டில் இருந்தாள் என்பது எனக்கு நினைவிலேயே இல்லை.

போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். இருந்த கோபத்துக்கு அப்போதே தலைமடைக்காரரோடு சேர்ந்து இன்னொரு கையெழுத்துப் போட்டிருப்பேன். அழி, அழித்துவிட்டு மன்னிப்புக் கேள் என்று நானே சொல்லியிருப்பேன். பெற்ற அப்பனை இப்படி ஊர் முன்னால் நிறுத்தினவளுக்கு என்ன உரிமை?

கொஞ்ச நேரம் கழித்து, பதிலை எழுத உட்கார்ந்தேன். வேறு வேலை எனக்குத் தெரியாது. அரசியலமைப்பில் பத்தொன்பதாவது பிரிவு என்று தொடங்கினேன். பேசவும் கருத்தை வெளியிடவும் எல்லோருக்கும் உரிமை உண்டு, இதன் வழியாகச் சொன்னால்தான் பேச்சு என்று அங்கே எதுவும் எழுதியிருக்கவில்லை என்று எழுதினேன். அடுத்த உட்பிரிவில் அவதூறு, பொது ஒழுங்கு என்று கட்டுப்பாடுகள் இருப்பதையும் மறைக்கவில்லை. கேட்பதும் செய்வதும் ஒன்றா என்று தலைமடைக்காரர் கேட்டாரே, அதில் வந்து நின்றேன். வெறும் ஆட்டம்தான், சடுகுடு மாதிரி, சொக்கட்டான் மாதிரி, இதில் பேச்சே இல்லை என்றால் என் சட்டைக் கறை என்னை ஏன் சுட வேண்டும்? ஆயிரம் மனு படித்தவன், ஒரு மனுவும் என்னை இப்படிக் கேள்வி கேட்டதில்லை. நானே போய்த் தொட்டுத் தொட்டு, நானே அந்தப் பதிலை வாங்கிக்கொண்டேன். ஆகவே இப்படி எழுதினேன்: ‘மனுதாரர் மனம் புண்பட்டதாகச் சொல்கிறார். எதையும் சொல்லாத ஒன்றால் யாரும் புண்பட முடியாது. ஆடிப் பார்க்க வைத்துச் சொன்னாலும் அது சொன்னதுதான்.’

எழுதியதை முழுதாக நம்பினேனா என்றால் இல்லை. நாளைக்கு எவனோ ஒருவன் ஒரு சாதியை அடித்து நொறுக்குகிற மாதிரி ஒரு விளையாட்டைச் செய்துகொண்டு, இதே வரிகளை என்னிடமே எழுதிக்கொண்டு போக வருவான். அந்தச் சந்தேகம் இப்போதும் இருக்கிறது.

கடைசியில் வழக்கம்போல ‘இதில் வரும் பாத்திரங்கள் கற்பனையே, யாரையும் குறிப்பிடுவன அல்ல’ என்று முடித்து, மகளுக்குப் படித்துக் காட்டினேன்.

“கடைசி வரிய எடுத்துடுப்பா.”

“அதுதான்டி உன்னக் காப்பாத்தற வரி.”

“கற்பன இல்லியே.” என் முகத்தைப் பார்த்துதான் சொன்னாள். நான் விளையாடிவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த வரியை அடித்தேன்.

திங்கட்கிழமை சப்-இன்ஸ்பெக்டர் மனுவையும் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். ஒரே கையெழுத்து. பிறகு தலைமடைக்காரரைப் பார்த்தார்.

“மோட்டார் வச்சி தண்ணி எடுக்கறவர் நீங்கதான்னு எழுதிகிறீங்க.”

“ஆமா.”

“நீங்கதான்.”

“ஊருக்கே தெரியும் சார்.”

“இத கோர்ட்டுல குடுத்தீங்கன்னா, வாய்க்கால்ல மோட்டார் வச்சது நீங்கன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி ஆவும். யோசிச்சி சொல்லுங்க.”

தலைமடைக்காரர் யோசித்தார். பிறகு மனுவைக் கையை நீட்டி வாங்கி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் என்னிடம் ரொம்ப மெதுவாகக் கேட்டார்: “வேணும்னேதான் அந்த வரிய எழுதினியா ரைட்டரே?”

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. அன்றிலிருந்து மனு எழுத நெட்டப்பாக்கம் பக்கம் வேறு ரைட்டரிடம் போகிறார். அந்த வரியை எழுதும்போது எனக்குள் என்ன இருந்தது என்று நானும் பல தடவை யோசித்துவிட்டேன். என் பேச்சை என்னாலேயே நம்ப முடியவில்லை. அவருடைய மோட்டார் இன்னும் அதே ஷெட்டில்தான் இருக்கிறது.

விளையாட்டும் இருக்கிறது. மகள் எதையும் அழிக்கவில்லை, யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. மரத்தடிக்கு வருகிறவர்கள் இப்போது என் சட்டைப் பையைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள். ஒருவன் வேண்டுமென்றே என் தோளைத் தொட்டுவிட்டுச் சிரித்தான். பத்து நாள் பொறுத்தேன். பதினோராவது நாள் சாயங்காலம் அவள் லேப்டாப் முன்னால் போய் நின்றேன்.

“எல்லாம் சரிதாம்மா. அந்த மரத்தடி ஆளு மட்டும் வேணாமே. எடுத்துடேன்.”

அவள் கோபப்படவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

“எழுதிக் குடுப்பா. பாக்கலாம்.”

எழுதத்தானே தெரியும் எனக்கு. தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அனுப்புநர் போட்டேன், பெறுநர் போட்டேன். பொருள்: விளையாட்டில் என்னைத் தவறாகக் காட்டியிருப்பதை நீக்கக் கோருதல். எழுதிவிட்டு, பழக்கத்தில் சத்தமாக எனக்கே படித்துக் காட்டினேன். ‘தவறாக’ என்ற சொல்லை அடித்தேன். அடித்த பிறகு அந்த மனுவில் எழுத வேறு ஒன்றும் மிச்சமில்லை. தாளைத் திருப்பிப் போட்டு, அனுப்புநர் என்ற இடத்தில் என் மனைவியின் பெயரை எழுதினேன். அவளைக் கூப்பிட்டு, கடைமடைக்குத் தண்ணீர் எத்தனை நாளாக வரவில்லை, சொல்லு, எழுதுகிறேன் என்றேன்.

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“எந்த வருசத்துக்குக் கேக்கற?”

குத்திக் காட்டுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, தண்ணீர் வராத மூன்று வருடத்தில் எதைக் கேட்கிறேன் என்று நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.